ஒருவன் பிழை, பத்துப் பேர் தண்டனை

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், மலையடிவாரத்தில் அமைந்த நமது கூடலூரிலிருந்து ஜூன் மாதம் பிறந்தால் இரண்டு விஷயங்கள் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஒன்று, முதல் போக நெல்லுக்காகப் பெரியாற்று அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீர். மற்றொன்று, பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு உத்தமபாளையத்துக்கும் மதுரைக்கும் கலாசாலையில் சேரப் போகும் நமது பிள்ளைகள். தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவதற்குப் பொதுப்பணித் துறை இருக்கிறது. விவசாயிகளின் சங்கங்கள் இருக்கின்றன. பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுவதற்குப் பெற்றோரை விட்டால் வேறு நாதியில்லை.

அந்தப் பிள்ளைகளில் கால்பந்து ஆடுகிறவர்கள் ஒரு தனி ஜாதி. அறுப்பு முடிந்த வயலில், தாளடி குத்துவதையும் பொருட்படுத்தாமல் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள். இவர்களைக் கலாசாலைக்கு அனுப்பும் பெற்றோரில் இரு வகையினரை நாம் கண்டிருக்கிறோம். "பந்து, கிந்து என்று போய்க் காலை ஒடித்துக்கொண்டு வராதே, படிப்பு கெட்டுப்போகும்" என்று எச்சரித்து அனுப்புகிறவர்கள் ஒரு சாரார். "பந்தாட்டத்தினால் இடமும் கிடைத்து, கட்டணமும் குறைந்தால் நல்லதுதானே?" என்று கணக்குப் போடுகிறவர்கள் மற்றொரு சாரார். முந்தியவர்களின் பயத்திலும் நியாயம் உண்டு. பிந்தியவர்களின் கணக்கிலும் தவறில்லை. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் இரு சாராரும் கேட்பதில்லை. பையன் மைதானத்தில் தவறு செய்தால் அந்தக் கலாசாலையில் அவனை யார், எப்படிக் கண்டிப்பார்கள் என்பதே அது. படிப்புக் கெடுவதும் கெடாததும் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது என்பது நமது அபிப்பிராயம்.

கால்பந்து விதிகளில் ஒரு விசித்திரம் உண்டு. வகுப்பிலே ஒரு பையன் குறும்பு செய்தால் அவனை மட்டும் எழுப்பி நிறுத்துகிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பாடத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். மைதானத்தில் அப்படியல்ல. முரட்டுத்தனமாக நடந்துகொண்டவனை நடுவர் வெளியே அனுப்பிவிட்டால், அவனுக்குப் பதிலாக வேறொருவன் இறங்கக் கூடாது. எஞ்சிய பத்துப் பேரே கடைசி வரையில் ஆடித் தீர வேண்டும். குற்றம் செய்தவன் முகம் கழுவிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பான்; குற்றமே செய்யாத பத்துப் பேர் அவன் பங்கையும் சேர்த்து வெயிலில் ஓடுவார்கள். ஒருவன் பிழைக்காகப் பலரைத் தண்டிப்பது தர்மமா என்று சிலர் வாதிக்கக் கூடும். தர்மமோ அல்லவோ, வாழ்க்கையின் நடைமுறை இதுதான். குடித்துவிட்டு வரும் தகப்பனுடைய குற்றத்துக்குச் சோறில்லாமல் படுக்கிறவர்கள் அவனுடைய பிள்ளைகள்தாமே?

நடுவர் உயர்த்திக் காட்டும் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை ஆகியவற்றை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அவற்றைக் கற்பித்தவர் ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் என்பதை நாம் கொஞ்சம் பெருமையுடனேயே இங்கு சொல்லிக்கொள்கிறோம். அவர் பெயர் கென் ஆஸ்டன். லண்டனை அடுத்த இல்ஃபோர்டு பகுதியில் ஆரம்பப் பள்ளி ஒன்றை நடத்தி வந்தவர். 1962-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், சாந்தியாகோ நகரில் சிலிக்கும் இத்தாலிக்கும் நடந்த பந்தயத்துக்கு அவரே நடுவர். அன்று ஆட்டக்காரர்கள் பந்தை விட்டுவிட்டு ஒருவரையொருவர் உதைத்தார்கள், குத்தினார்கள். போலீஸார் பலமுறை மைதானத்துக்குள் நுழைய நேர்ந்தது. பின்னர் 1966-இல் இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த பந்தயத்தில், வெளியேற்றப்பட்ட ஆட்டக்காரர் நடுவரின் பாஷை புரியவில்லை என்று மைதானத்தை விட்டு நகர மறுத்த கூத்தும் நிகழ்ந்தது. அப்போது உலகக் கோப்பை நடுவர்களுக்கெல்லாம் பொறுப்பாளராக இருந்த ஆஸ்டன், வீட்டுக்குக் காரில் திரும்பும் வழியில் தெரு முனை விளக்கு மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறுவதைப் பார்த்தார். எந்தப் பாஷைக்காரனுக்கும் விளங்கும் எச்சரிக்கை கண்முன்னே இருப்பதை உணர்ந்தார். 1970-ஆம் வருஷத்து மெக்ஸிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் அமலுக்கு வந்தன.

எச்சரிக்கை எளிதாயிற்று, கோபம் எளிதாகவில்லை. 2006-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி பெர்லினில் நடந்த இறுதிப் பந்தயத்தில் பிரெஞ்சு அணித் தலைவர் ஜிதான், இத்தாலிய ஆட்டக்காரர் ஒருவர் சொன்ன சொல்லைப் பொறுக்க மாட்டாமல் அவர் மார்பில் தலையால் முட்டினார். சிவப்பு அட்டை காட்டப்பட்டது. அதுவே அவருடைய கடைசிப் பந்தயம். கூடுதல் நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷந்தான் இருந்தது. பின்பு பெனால்டி உதைகளில் பிரான்ஸ் தோற்றது. அந்த உதைகளில் ஒன்றை ஜிதான் உதைத்திருக்க வேண்டும். எவ்வளவோ கோப்பைகளை வென்ற மனிதர், தமது ஆட்ட வாழ்க்கையின் கடைசிக் காட்சியாகக் கோப்பையைத் தாண்டித் தலை குனிந்து உள்ளே போனதைத்தான் உலகம் பார்த்தது.

தோல்வியோடு போயிற்றென்றால் பெரிதில்லை. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் பந்தயம். பிற்பாதி ஆட்டத்தில் இருவர் மோதிக்கொண்டனர். இருவரையும் நடுவர் வெளியேற்றினார். ஆட்டத்தில் இது எப்போதோ நடக்கிற காரியந்தான். ஆனால் மைதானத்தில் எழுந்த கோபம் மேல் மாடத்திலே, இரு கட்சி ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்த இடத்திலே, தீப் போலப் பற்றிக்கொண்டது. கல்வீச்சு, அடிதடி, தப்பி ஓடுவோரின் நெரிசல். எல்லாம் ஓய்ந்தபோது 16 பேர் பிணமாகிக் கிடந்தனர். ஆட்டம் பார்க்க வந்தவர்கள். வீட்டிலே சாயங்காலம் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு வந்தவர்கள். ஆட்டக்காரர் இருவர் மேலேயே பழி முழுவதையும் சுமத்துவது நியாயமன்று. கூட்டத்தை அப்படிக் கலந்து உட்கார வைத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. என்றாலும், முதல் பொறி எங்கிருந்து கிளம்பியது என்பதைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடக் கூடாது. ஆகஸ்ட் 16 வந்தால் இறந்தவர்களின் நினைவாக வங்காளத்தில் ரத்த தானம் செய்கிறார்கள்.

உலகக் கோப்பைக்கும் கல்கத்தாக் கூட்டத்துக்கும் நமது கலாசாலைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நமது நாட்டவர் கால்பந்தைத் தமதாக்கிக்கொண்டது கல்விச் சாலைகளில்தான். 1877-ஆம் ஆண்டு கல்கத்தா ஹேர் பள்ளியில் பயின்ற நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னும் சிறுவன், வெள்ளைச் சிப்பாய்கள் ஆடுவதைக் கண்டு ஆசைப்பட்டுப் பந்தை உதைத்த கதையை வங்காளிகள் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். பின்னர் பிரசிடென்ஸி கலாசாலையிலும் அவர் ஆட்டத்தை வளர்த்தார். நமக்கு அவரிடம் மதிப்பு ஏற்படுவது அவர் உதைத்த பந்துக்காக அல்ல. அவர் நடத்திவந்த வெல்லிங்டன் கழகத்தில் மணி தாஸ் என்ற இளைஞனைச் சேர்க்க முயன்றபோது, அவன் குயவர் மகன் என்று சொல்லி மேல் ஜாதி அங்கத்தினர் மறுத்தார்கள். நாகேந்திர பிரசாத் அவர்களோடு சமரசம் பேசவில்லை. அந்தக் கழகத்தையே உதறிவிட்டுச் சோவாபஜார் கழகத்தை ஏற்படுத்தி, மணி தாஸை அதில் சேர்த்தார். அந்தச் சோவாபஜார் கழகந்தான் 1892-இல் டிரேட்ஸ் கோப்பைப் பந்தயத்தில் ஈஸ்ட் சர்ரே பட்டாளத்தாரை வென்று, வெள்ளையரும் தோற்கக் கூடியவர்கள்தாம் என்று காட்டிற்று. 1911-ஆம் வருஷத்து மோகன் பகானின் வெற்றியை எல்லோரும் அறிவார்கள். அதற்கு 19 வருஷம் முந்திய இந்த வெற்றியை அறிந்தவர் சிலரே. குயவர் மகனை வெளியே நிறுத்தியவர்களின் பெயரை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

படிப்பையும் ஆட்டத்தையும் ஒருங்கே காத்தவர் ஒருவரைக் காட்டுங்கள் என்று கேட்கும் பெற்றோருக்கு டாக்டர் டி. ஆவ் அவர்களைக் காட்டுவோம். நாகர் மலையிலே சாங்கி என்னும் கிராமத்தில் 1918-இல் பிறந்தவர்; முழுப் பெயர் தாலிமேரன் ஆவ். தகப்பனார் கிறிஸ்தவ போதகர். மகன் வைத்தியம் படித்துத் தம் ஜனங்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை நிறைவேற்றும் முன்பே அவர் காலமானார். மகன் கௌஹாத்தி காட்டன் கலாசாலையிலும், பிறகு கல்கத்தாவில் கார்மைக்கேல் வைத்தியக் கலாசாலையிலும் படித்தார். மோகன் பகானில் தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டே பிணவறையிலும் ஆஸ்பத்திரி வார்டிலும் பயின்றார் என்றால், அது எத்தகைய நாள் ஒழுங்கைக் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைவர் இந்த வைத்திய மாணவர்தான். 1948-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி இல்ஃபோர்டு மைதானத்தில் பிரெஞ்சு அணியை எதிர்த்தார்கள். நம்மவரில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர். கிடைத்த பெனால்டி உதைகள் இரண்டு, இரண்டும் வீணாயின. நமக்குக் கிடைத்த ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இரண்டாவது கோலைப் போட்டு ஜெயித்தது. வென்றிருந்தால் அணித் தலைவரை நாடெங்கும் தூக்கிக் கொண்டாடியிருப்பார்கள். தோற்றும் லண்டன் ஜனங்கள் கொண்டாடினார்கள். ஆவ் அவர்களோ திரும்பி வந்து பாடப் புத்தகத்தைத் திறந்தார். 1950-இல் எம்.பி.பி.எஸ். தேறி, தமது மலை நாட்டுக்கே போய் வைத்தியரானார். நாகாலாந்தின் சுகாதாரத் துறைக்குத் தலைமை வகிக்கும் வரையில் உயர்ந்து, 1978-இல் ஓய்வு பெற்றார். தந்தை உயிரோடு இல்லை. வாக்கைக் கேட்டு வாங்க யாரும் இல்லை. இருந்தும் வாக்கு நின்றது.

இனி நமது கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஊரும் பேரும் வேண்டியதில்லை. நமது பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பையன் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கலாசாலையில் சேர்ந்தான். இடது காலால் அவன் அடிக்கும் பந்து வலையைக் கிழிக்கும் என்பார்கள். இரண்டாம் வருஷம் ஒரு பந்தயத்தில் நடுவரைப் பிடித்துத் தள்ளிவிட்டான். அதே பந்தயத்தில் நடுவரோடு வாயாடிய வேறொரு பையனும் உண்டு. அவன் சுமாரான ஆட்டக்காரன். அடுத்த வாரம் இறுதிப் பந்தயம். வாயாடியவனை ஒரு மாதம் விலக்கி வைத்தார்கள். தள்ளியவனுக்கோ, வெயில் மயக்கத்தில் நிலை தவறிவிட்டது என்று கலாசாலையாரே கடிதம் எழுதிக் கொடுத்தார்கள்! அவன் ஆடினான், கோப்பை வந்தது, படமும் எடுத்து மாட்டினார்கள். பிறகு வகுப்புக்கு வராதபோதும் வருகைப் பதிவேட்டில் வந்ததாகக் கணக்கு நின்றது. ஆனால் பரீட்சைத் தாளைத் திருத்துகிற சர்வகலாசாலைப் பரீட்சகருக்கு இடது காலின் மகிமை எப்படித் தெரியும்? மூன்று வருஷ முடிவில் அவனுக்கு எட்டுத் தாள்கள் பாக்கி. முழங்காலும் போயிற்று. இப்போது திராட்சைத் தோட்டத்திலே பெட்டி அடுக்குகிறான். அது கௌரவமான உழைப்புத்தான். அதில் நமக்குக் குறையில்லை. ஒருநாள் அவன் நம்மிடம் சொன்னான்: "அந்த மூணு வருஷத்திலே என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கண்டிச்சுச் சொன்னதில்லே, சார்."

குற்றஞ் சாட்டுகிற தொனி அந்தப் பேச்சில் இல்லை. அதுதான் நம்மை மிகவும் வருத்திற்று.

சிறந்த ஆட்டக்காரனுக்கு ஒரு நியாயம், சுமாரானவனுக்கு ஒரு நியாயம் என்று வைக்கும் கலாசாலை இருவரையுமே கெடுக்கிறது. சுமாரானவன் உலகத்தில் நீதி இல்லை என்று கற்றுக்கொண்டு போகிறான். சிறந்தவன் தனக்கு நீதி பொருந்தாது என்று கற்றுக்கொண்டு போகிறான். பின்னது பெரிய ஆபத்து. கலாசாலை வாசலைத் தாண்டியவுடன் அது பொய்யாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியாது.

கண்டிப்பினால் ஆட்டம் குன்றுமோ என்று அஞ்சுகிறவர்கள் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீமைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். இவரும் பள்ளி ஆசிரியர்! 1909-இல் பிறந்து, உஸ்மானியா சர்வகலாசாலையில் பி.ஏ. படித்து, அதன் அணியில் ஆடியவர். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சி அளித்தார். அந்த அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ச்சியாக ரோவர்ஸ் கோப்பையை வென்றது. சிறுவர்களுக்கு அவர் வைத்த பந்தயங்கள் வேடிக்கையானவை. பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று ஒரு பந்தயம். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஜாலம் காட்டாமல் உடனே மற்றவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று இன்னொரு பந்தயம். பின்னதைக் கவனியுங்கள். "நான், நான்" என்று துடிக்கும் பதினைந்து வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல பாடத்தை எந்த நீதி நூல் தரும்?

1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள். இஸ்ரேலையும் தைவானையும் அனுமதிக்காத இந்தோனேசியாவை எதிர்த்து நமது பிரதிநிதி ஜி. டி. சோந்தி பேசியதால், அவ்வூர் ஜனங்கள் இந்தியர் மீது கடுங்கோபம் கொண்டிருந்தனர். நமது தூதரகமே தாக்கப்பட்டது. ரஹீமின் அணி முதல் பந்தயத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்றது. தாய்லாந்தோடு ஆடியபோது ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து ஆறு தையல் போட்டார்கள். தடுப்பாட்டத்தில் புலியான அவரைத் தலைக்கட்டோடு முன்வரிசையில் நிறுத்தினார் ரஹீம். அணித் தலைவர் சுனி கோஸ்வாமி, கல்கத்தா சர்வகலாசாலைக்குக் கால்பந்திலும் கிரிக்கெட்டிலும் தலைமை வகித்து வளர்ந்தவர்.

செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதிப் பந்தயம். எதிரே மறுபடியும் தென் கொரியா. ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனங்கள் கூடியிருந்தார்கள். நமது தேசிய கீதத்தின்போதே கூச்சல்; நம்மவர் பந்தைத் தொட்டால் கூச்சல். முறைத்துத் திரும்பவும், கையை ஓங்கவும் அன்று எத்தனை சந்தர்ப்பங்கள்! அவர்கள் ஆட்டத்தை மட்டும் ஆடினார்கள். பி. கே. பானர்ஜி ஒரு கோல். சில நிமிஷங்களில் தலைக்கட்டுடன் ஜர்னைல் சிங் ஒரு கோல். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த தங்கராஜ் கோல் காத்தார். 2-1 என்று தங்கப் பதக்கம் வந்தது. ஆசிய விளையாட்டுகளில் இந்தியக் கால்பந்து அணி அதன் பிறகு தங்கத்தைத் தொடவில்லை. அப்போதே புற்றுநோயின் பிடியிலிருந்த ரஹீம், அடுத்த ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி மறைந்தார்.

நமது பள்ளத்தாக்கு வயல்களுக்குப் பாயும் தண்ணீரும் 1895-க்கு முன்பு மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்ததுதான். பென்னிகுயிக் அதன் வேகத்தைக் குறைக்கவில்லை. அணை கட்டிச் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பினார். பையனுடைய கோபத்தையும் துடிப்பையும் அடக்கிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் என்னும்போது பெண் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறோம். 2018-இல் தேசியப் பெண்கள் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தாம்.

கூடலூரில் நாங்கள் சிறுவர்களிடம் ஒரு சிறு வழக்கத்தைக் கையாண்டு வருகிறோம். நடுவரோடு சண்டைக்குப் போகிற பையனை அடுத்த பந்தயத்துக்கு நடுவராக நிறுத்துவது. ஊதலைக் கையில் கொடுத்துவிட்டு நாங்கள் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவோம். கால் மணி நேரத்துக்குள் இருபத்திரண்டு பேரும் அவனைத் திட்டி முடித்திருப்பார்கள். அடுத்த வாரம் ஆட இறங்கும்போது அந்தப் பையனுடைய வாய் தானாகவே கொஞ்சம் சிறுத்துப் போயிருக்கும். இதற்குச் செலவு ஏதுமில்லை. கலாசாலைகளும் செய்து பார்க்கலாம். சிறந்த ஆட்டக்காரனிடமிருந்தே தொடங்கினால் இன்னும் நலம்.

இந்த வருஷம் மனு வாங்கப் போகும் தகப்பனார்களும் தாய்மார்களும், கட்டணம் செலுத்தும் ஜன்னலுக்கு அடுத்தபடியாகத் தேகப் பயிற்சி ஆசிரியரின் அறைக்கும் ஒரு நடை போய்விட்டு வரட்டும். அங்கே சுவர் நிறையக் கோப்பைகளோடு எடுத்த படங்கள் மாட்டியிருக்கும். அவற்றை நிதானமாகப் பார்த்துவிட்டு, அந்தப் படங்களில் நிற்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்று கேட்கட்டும்.